முதல் வானொலி வாங்கப்போகும் வட சிலாங்கூர்த் தோட்டப்புற இளைஞர்களுக்கு



2021-ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரைச் சூழ்ந்த வெள்ளம் வடிந்து, சேறு உலர்ந்து, நிவாரணப் பொட்டலங்களைப் பற்றிய பேச்சும் ஓய்ந்த பிறகு நம்மவரிடையே எஞ்சி நின்ற வருத்தம், நனைந்த கட்டில் மெத்தையைப் பற்றியதன்று. அண்ணன் வீட்டில் எல்லோரும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் கைப்பேசி சொல்ல மறுத்த அந்த நீண்ட இரவைப் பற்றியதே. அதன் பின்னரே புக்கிட் ரோத்தானிலும், ஈஜோக்கிலும், பெஸ்தாரி ஜெயாவிலும், தஞ்சோங் காராங்கிலும் உங்களிற் பலர் “நாமும் ஒரு வானொலி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்” என்று பேசத் தொடங்கினீர்கள். நல்ல எண்ணம். அவ்வெண்ணத்தோடு நீங்கள் கடைக்குப் போவதற்குள் இம்மடல் உங்கள் கையில் சேர வேண்டும் என்ற அவசரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடைக் கண்ணாடிப் பேழைக்குள் ஒரே கறுப்பு நிறத்தில், ஒரே உயரத்தில் அடுக்கியிருக்கும் வாக்கி-டாக்கிகள் யாவும் ஒரே ஜாதி என்று எண்ணிவிடாதீர்கள். அவற்றுள் ஒரு வகை, 477 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரீட்சையின்றியே எவரும் பேச அனுமதிக்கப்பட்ட பொதுமக்கள் வானொலி. தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலையும் வாகன நிறுத்துமிடத்தையும் இணைப்பதுதான் உங்கள் கோயில் கமிட்டியின் தேவையென்றால், முறையான சான்று பெற்ற இவ்வகைக் கருவியை வாங்கிக்கொண்டு மனநிம்மதியோடு இருங்கள். இம்மடலின் மிச்சத்தை வாசிக்க வேண்டிய அவசியம்கூட உங்களுக்கு இல்லை. மற்றொரு வகை, உள்ளே சிம் அட்டை போட்டது. “எல்லையற்ற தூரம்” என்று வியாபாரிகள் உற்சாகமாக விளம்பரம் செய்வது இதைத்தான். ஜொகூரிலிருந்து பெர்லிஸ்வரை அது தெளிவாகப் பேசும் என்பது மெய்; ஆனால் அது பேசுவது தொலைபேசிக் கோபுரத்தின் தயவால் ஆதலின், வெள்ளத்தில் கோபுரத்தின் மின்சாரம் அற்றுப்போகும் அந்த வேளையில் உங்கள் கைப்பேசியோடு சேர்ந்து அதுவும் மௌனமாகிவிடும். மூன்றாம் வகையே அமெச்சூர் வானொலி. கோபுரமும் கம்பெனியும் மாதச் சந்தாவும் இல்லாமல், ஒருவர் வீட்டுக் கூரையிலிருந்து மற்றொருவர் வீட்டுக் கூரைக்கு நேராகச் செல்வது இது. இதனைப் பற்றித்தான் மேலே பேசப்போகிறேன்.

இது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட விஷயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்படி, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பரீட்சையில் தேறி, ஓர் அழைப்புக்குறியைப் பெற்றவரே அமெச்சூர் அலைவரிசையில் குரலெழுப்ப உரிமை உடையவர். தீபகற்பத்தில் பி வகுப்பினர்க்கு 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறி வழங்கப்படுகிறது. மோர்ஸ் சங்கேதத்திலும் தேறி மேல்வகுப்புக்குச் சென்ற மூத்தோர் தம்மை 9எம்2 என்று தொடங்கி அறிவிப்பதைக் கேட்பீர்கள். நூறு வெள்ளிக்கு முன்னும் பின்னுமாக இணையச் சந்தையில் கிடைக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர் போன்ற கருவிகளோ, பெட்டியைப் பிரித்த கணமே அமெச்சூர் எல்லையைத் தாண்டிப் பிற சேவைகளின் அலைவரிசைகளிலும் ஒலிபரப்பத் தயாராயிருப்பவை; விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்திய இளைஞன், தான் யாருடைய சம்பாஷணையின் நடுவே புகுந்தான் என்பதை அறியாமலே குற்றவாளியாகிவிடக் கூடும். “ஆபத்துக் காலத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?” என்று சிலர் வாதிப்பதையும் கேட்டிருக்கிறேன். ஆபத்து வந்த இரவில் முதன்முதலாக அக்கருவியைக் கையில் எடுப்பவனுக்கு எந்த அலைவரிசையில் யார் இருப்பார்கள் என்பது தெரியாது. மறுமுனையில் இருப்போர்க்கு அவன் குரல் பழக்கமும் இராது. ஆதலின், சட்டம் கேட்காவிட்டாலும் பழக்கம் கேட்கும்.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் கை அரிக்கத்தான் செய்யும். அதற்கு மருந்து, செலவில்லாமல் கேட்பது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் சிற்றலை வாங்கியை இணையத்தின் வழியாக உலகத்தார் யாவர்க்கும் திறந்து வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே அதன் முள்ளைத் திருப்பி, ஐரோப்பிய அமெச்சூர்கள் எவ்வாறு ஒருவரையொருவர் அழைக்கிறார்கள், எவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொள்கிறார்கள், இரைச்சலுக்குள்ளிருந்து குரலை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதைச் செவி பழகும் வரை கேளுங்கள். நல்ல செவியைக் கடையில் விற்பதில்லை.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கென்று ஒதுங்குவோர்க்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். மலாயாவுக்குள் வானொலி பிரவேசித்ததே அமெச்சூர்களின் கைவழியாகத்தான். 1921-இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளராயிருந்த பர்ச் என்பவர் முதல் வானொலிப் பெட்டியைக் கொணர்ந்து, அங்கே ஒரு சங்கத்தையும் அமைத்தார். பிறகு பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றி, 1930-ஆம் ஆண்டளவில் கோலாலம்பூர்ச் சங்கத்தார் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பலாயினர். அரசாங்கத்தின் ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் நாள் பிறந்தது. வேலை முடிந்து திரும்பிய நம் பாட்டிமார் லயத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்ட தமிழ் ஒலிபரப்பு அதன் வழியே வந்தது. இன்றைய மலேசிய அமெச்சூர் வானொலி அனுப்புநர் சங்கமோ, அவசரகாலக் கெடுபிடிகளின் நடுவே, 1952-இல் தோன்றியது. சொந்தக் கையால் கம்பி கட்டியவர்கள் முன்னே நடக்க, அரசாங்கம் பின்னே வந்தது என்பதே இந்நாட்டு வானொலியின் வரிசை.

இனி, வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் அபிப்பிராயம் கடைக்காரருக்கு உவப்பாக இராது. வட சிலாங்கூரில் வசிப்பவன் முதல் வானொலிக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியைப் பெட்டியில் போடக் கூடாது. கம்பத்திலும், கம்பத்தின் உச்சியில் நிற்கும் ஏரியலிலும், அதிலிருந்து இறங்கி வரும் கேபிளிலும்தான் போட வேண்டும். காரணம் நம் நிலத்தின் அமைப்பு. ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் நம் பெஸ்தாரி ஜெயாப் பக்கத்துத் தென்னமாரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்ற அதே மனிதர்தாம். அவர் ஊன்றிய செம்பனை, பால்மரக் காடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, இன்று கடற்கரைச் சமவெளியின் பெரும்பகுதியை ஒரே கூரையாக மூடி நிற்கிறது. இருபத்தைந்து ஆண்டு நின்ற மரம் நான்கைந்து மாடி உயரம் இருக்கும். அதன் ஓலையும் மட்டையும் எப்பொழுதும் நீர் சுமந்தவை. நீர் சுமந்த இலைக்கு வானொலி அலையை உறிஞ்சும் குணம் உண்டு. அலையின் நீளம் குறையக் குறைய இந்த உறிஞ்சல் மிகும். ஆகவே 430 மெகாஹெர்ட்ஸ் சார்ந்த எழுபது சென்டிமீட்டர் அலைவரிசை பட்டணத்துச் சாலையில் சமர்த்தாயிருப்பினும், செம்பனை நிரைகளுக்குள் நுழைந்தவுடன் சோர்ந்துவிடும். 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் அலைவரிசையோ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கையடக்கக் கருவியை வாயருகே பிடித்துக்கொண்டு தோட்டத்தின் நடுவில் நிற்பவனுக்கு இரண்டிலுமே ஓரிரு கிலோமீட்டர் கிடைத்தால் அதுவே அதிகம்.

மரம் இல்லாத இடத்திலோ பூமியின் வளைவே தடையாகிறது. இந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்பவை. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், கிலோமீட்டரில் அதன் அடிவானம் எவ்வளவு தூரம் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். செகிஞ்சான் நெல்வயலின் வரப்பில் நின்று, முகத்தின் உயரத்தில் கருவியைப் பிடித்திருப்பவனுக்கு ஐந்து கிலோமீட்டர். அதே கருவியின் ஏரியலை ஒன்பது மீட்டர்க் கம்பத்தில் ஏற்றினால் பன்னிரண்டு. இரு முனையிலும் ஒன்பது மீட்டர்க் கம்பம் நின்றால், இரண்டும் சேர்ந்து இருபத்து நான்கு கிலோமீட்டர். கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்கு நேர்க்கோட்டுத் தூரம் இருபதுக்குள் அடங்கிவிடும்; தஞ்சோங் காராங் அதனினும் அண்மை. புக்கிட் மெலாவத்தியின் உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர்கள் விளக்கைப் பெரிதாக்குவதோடு நிற்காமல் குன்றையும் தேடிப் போனதன் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஐந்து வாட் கருவியை விற்றுவிட்டு “எட்டு வாட்” என்று உறையில் அச்சிட்டதை வாங்குபவன் இக்கணக்கைக் கவனியாதவன். ஆற்றலை நான்கு மடங்கு பெருக்கினால்தான் எதிர்முனையில் அலையின் வலிமையைக் காட்டும் முள் ஒரு படி ஏறும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. எட்டு வாட்டால் காதுக்குத் தெரியும் வித்தியாசமே விளையாது. அச்சிட்ட எட்டு வாட்டை அளந்து பார்த்தால் எட்டு இராமற் போவதும் உண்டு.

ஏரியலை விலைகொடுத்து வாங்க வேண்டுமென்பதில்லை. இரும்புக் கடையில் கிடைக்கும் பித்தளை வெல்டிங் கம்பிகளை ஐந்து துண்டாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பத்தொன்பது சென்டிமீட்டராக வெட்டி, ஒன்றைச் செங்குத்தாகவும் நான்கை நாற்புறமும் நாற்பத்தைந்து பாகை கீழ்நோக்கிச் சாய்த்தும் ஒரு சாக்கெட்டில் பற்றவைத்தால், இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு உகந்த ஏரியல் தயார். அந்நான்கும் கீழ்நோக்கிச் சாய்வது அழகுக்காக அன்று. அவ்வாறு சாய்ந்தால்தான் ஏரியலின் எதிர்ப்பு கேபிளின் ஐம்பது ஓம்முக்குப் பொருந்தி வரும். பழைய தொலைக்காட்சி ஏரியலுக்காக நட்ட கம்பம் எத்தனையோ வீடுகளில் வெறுமனே நிற்கிறது, அதனைப் பயன்படுத்துங்கள். கேபிளில் மட்டும் சிக்கனம் வேண்டா. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை இருபது மீட்டர் இழுத்தால், இரண்டு மீட்டர் அலைவரிசையில் கருவி தந்த ஆற்றலிற் பாதிக்கு மேல் ஏரியலை அடையுமுன் கேபிளிலேயே வெப்பமாக மறைந்துவிடும்; சுரந்த பாலையெல்லாம் ஓட்டை வாளியில் ஸ்டோருக்குச் சுமந்து செல்வது போன்ற வேலை அது. தடித்த ஆர்ஜி-213 கேபிளுக்கு இரட்டிப்புப் பணம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. இன்னொன்று: நம்முடையது இடி மிகுந்த பூமி. கம்பத்துக்கு மண்ணில் தரையிணைப்பு அடித்துவிடுங்கள். வானம் கறுத்தால் கேபிளைக் கருவியிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். இதில் அலட்சியம் காட்டுவோரிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

இவ்வளவும் ஆன பின்னரே பெட்டி. மலிவான கையடக்கக் கருவியை நான் இகழவில்லை. பரீட்சையில் தேறியவுடன் அயலாருடன் பேசிப் பழக அது போதும். அதன் குட்டை ரப்பர் ஏரியலின் அடியில், வெளிவளையத்தோடு தொடுமாறு நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் கம்பியொன்றைத் தொங்கவிட்டால், காசில்லாமலே அதன் குரல் சற்றுத் தெளியும். எனினும் இரண்டு குறைகளை மனத்தில் வையுங்கள். அமெரிக்க வானொலிச் சங்கத்தார் தம் ஆய்வகத்தில் இம்மலிவுக் கருவிகளை அளந்தபோது, பல கருவிகள் தம் அலைவரிசைக்கு வெளியேயும் தூய்மையற்ற அலைகளைச் சிந்துவதைக் கண்டனர். இரண்டாவது, உயரமான ஏரியலை மாட்டியவுடன், சுற்றியுள்ள பலத்த நிலையங்களின் அலை உள்ளே புகுந்து அதன் செவியை அடைத்துவிடும். ரவாங், சுங்கை பூலோ பக்கம் இது அதிகம்.

ஆகவே தோட்டப்புறத்தில் வசித்துக்கொண்டு, ஊர்விட்டு ஊர் பேச வேண்டுமென்ற மெய்யான நோக்கம் உள்ளவனுக்கு, காரில் பொருத்துவதற்கென்று செய்த, ஐம்பது வாட் வரை தரும், இரண்டு மீட்டர் மொபைல் கருவியொன்றையே முதல் வானொலியாக நான் சிபாரிசு செய்வேன். யாயேசு, ஐகாம், கென்வுட் என்று ஜப்பானியப் பெயர் தாங்கிய பழைய கருவிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மெனுவும் வண்ணத்திரையும் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முழு ஆற்றலில் அது 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய பத்து ஆம்பியர் இழுக்கும். ஆனால் ஐந்து வாட்டில் வைத்துப் பேசினால் ஒரு பழைய கார் பேட்டரி, கேட்பதற்கே பெரும்பொழுது செல்லும் ஓர் இரவு முழுவதும் தாங்கும். மின்சாரம் அற்ற வெள்ள இரவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“கடல் கடந்து பேச ஆசை” என்பவர்களுக்குச் சிற்றலை உண்டு. ஐகாம் ஐசி-7300 போன்ற பெட்டிகள் சில ஆயிரம் வெள்ளி. அதை முதலிலேயே வாங்குவது, என் எண்ணத்தில், கடன் வாங்கிக் கல்யாணம் செய்வதற்குச் சமானம். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பி வேண்டும் என்பதையும், அதைத் தாழ்வாக, ஓர் ஓட்டு வீட்டுக் கூரையின் உயரத்தில் கட்டினாலும் அலை செங்குத்தாக மேலெழுந்து வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலையையும் மரத்தையும் பொருட்படுத்தாமல் தீபகற்பம் முழுவதும் பொழியும் என்பதையும் மட்டும் இப்போதைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். மாடி வீட்டுக் குடியிருப்பில் அந்த இருபது மீட்டருக்கு எங்கே போவது என்று முதலில் யோசியுங்கள். தோட்டத்து மரம் கம்பெனி மரம். கேளாமல் அதில் கம்பி கட்டாதீர்கள்.

சிறு கருவிக்கும் வானம் திறந்துதான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 2015 செப்டம்பர் 28-ஆம் நாள், சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இந்திய ஏவூர்தி, இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2 என்ற துணைக்கோளைச் சுமந்து சென்று, பூமத்தியரேகைக்கு வெறும் ஆறு பாகைச் சாய்வில் விட்டது. ஆதலின் அது வட, தென் துருவங்களைச் சுற்றித் திரியாமல், நம் தலைக்கு மேலாகவே நாளில் பதினான்கு முறை வரை கடந்து செல்லும் பாதையைப் பெற்றது. அமெச்சூர்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு கருவியும் அதில் உண்டு. லண்டன்காரனுக்கும் நியூயார்க்காரனுக்கும் கிட்டாத பாக்கியம் இது. அதன் பராமரிப்பாளர்கள் அக்கருவியைத் திறந்து வைக்கும் வேளையை அறிந்துகொண்டால், 435.880 மெகாஹெர்ட்ஸில் சாதாரணக் கையடக்கக் கருவியிலும் குரல் கேட்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தார் பள்ளி மாணவரோடு பேசும்போது பயன்படுத்தும் 145.800-ஐயும் குறித்துவையுங்கள்.

நிவாரணம் என்ற நோக்கத்தோடு வருவோர்க்கு அந்தமானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் ஓர் இந்திய அமெச்சூர் குழு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. நெடுநாள் அமெச்சூர் குரலே எழாத அத்தீவிலிருந்து உலகத்தோடு பேசி மகிழ்வதே அவர்களின் பிரயாண நோக்கம். 26-ஆம் தேதி காலை கடல் எழுந்தது. தொலைபேசிகள் அறுந்த அவ்வேளையில், தீவுக்கும் தாயகத்துக்கும் இடையே செய்தி சுமந்தவற்றுள் அவர்களது நிலையமும் ஒன்றாயிற்று. பொழுதுபோக்குக்காகத் தினந்தோறும் பேசிப் பழகியிருந்தமையால்தான் அந்தக் காலையில் அவர்களுடைய கை நடுங்கவில்லை. எந்நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே எட்டும் என்பது அத்தகைய பழக்கத்தால்தான் மனப்பாடமாகும். ஆபத்துக்கென்று வாங்கி, பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிய பத்து வாக்கி-டாக்கிகளுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வரும்?

கைமாறும் கருவியை வாங்கும்போது வாட் அளக்கும் மீட்டர் ஒன்றையும், ஏரியலுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடையும் இரவல் வாங்கிச் சென்று, விற்பவரிடம் முறையாக அழைப்புக்குறி இருந்தால் அவரையே பொத்தானை அழுத்தச் சொல்லி, ஒரு நிமிஷம் முழுவதும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் அதன் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் களைத்துவிட்டது என்று பொருள். ஜெராம், பாசிர் பெனாம்பாங் போன்ற கடலோரத்து வீடுகளில் இருந்த கருவியானால், சாக்கெட்டின் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். அங்கீகாரச் சான்று ஒட்டிய கருவியாகவே தேடுங்கள். பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போது தனியே போகாமல், ஓர் ஊருக்கு இருவராவது சேர்ந்து போங்கள். ஈஜோக்கில் ஒருவரும் தஞ்சோங் காராங்கில் ஒருவரும் கம்பம் நட்டுவிட்டு, நடுவில் கோல சிலாங்கூரில் யாரும் இல்லையென்றால், மேற்சொன்ன இருபத்து நான்கு கிலோமீட்டர்க் கணக்கு உங்களுக்கு உதவாது. வரைபடத்தை விரித்து, யார் வீட்டுக் கூரையில் முதற்கம்பம் என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். அது முடிவானபின் எழுதினால், கேபிள் எத்தனை மீட்டர் வேண்டும் என்பதை நான் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
கோல சிலாங்கூர்வாசி ஒருவன்